பூட்ஸைப் பார்க்க விடாத முகம்

வேலூரில் தமிழ் டப்பிங் செய்த ஒரு கடற்கொள்ளைக்காரன் படம் பார்த்தோம். மேட்னி முடிந்து, லாங் பஜார் வழியாக பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். ஒரு கைவண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது அண்ணன் கேட்டான்: "அவன் போட்டிருந்த பூட்ஸ் இன்னா தோலு?"

படம் முழுக்க அந்தக் கதாநாயகன் தாவிக்கொண்டே இருந்தான். பாய்மரத்தில் ஏறினான், மேசைமேல் குதித்தான், எத்தனையோ பேரைக் காலால் உதைத்துக் கடலில் தள்ளினான். அந்தக் காலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரிக்கு ஒரு ஜோடி செய்து அனுப்புவோம். அதைச் செய்கிற அறை. அதற்கென்றே படித்தேன். படிக்காவிட்டாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கண் அப்படித்தான். கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் ஷூவைப் பார்ப்போம். புதிதாக ஒருவர் வந்து பேசினால், அவர் பெயரைச் சொல்வதற்குள் அவருடைய செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து முடித்திருப்போம்.

"கவனிக்கல" என்றேன்.

அண்ணன் நின்றுவிட்டான். "நீயா?"

"நீ பாத்தியா?"

"நான் பாக்கலன்னுதான உன்னக் கேக்குறேன்."

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. படம் ஒன்றும் பிரமாதம் இல்லை. கடல் என்று காட்டியது நீலத் தார்ப்பாய் மாதிரி சுருங்கியது. கதையில் ஒரு வரைபடம் தொலைந்து போகிறது. அப்புறம் அதைத் தேடவேண்டும் என்பதையே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வில்லனின் உதடு ஒன்று சொல்ல, தமிழ்க் குரல் வேறொன்று சொன்னது. போதாததற்கு இடைவேளைக்குப் பிறகு சவுண்டு நின்றுபோனது. எங்கள் பக்கத்துத் தியேட்டரில் சவுண்டு நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விசில் கிளம்பும், சீட்டைத் தட்டுவார்கள், ஆபரேட்டரின் பரம்பரையை விசாரிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரையில் அவன் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எதிரிக் கப்பலின் தலைவனிடம் ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தான். வார்த்தை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் பொய் சொல்கிறான் என்று எங்களுக்குத் தெரிந்தது. அது எதிரிக்குத் தெரியவில்லை என்பதும் தெரிந்தது. சவுண்டு திரும்பி வந்தபோது எனக்குப் பின்னால் இருந்தவர், நல்ல பேச்சில் யாரோ குறுக்கே புகுந்ததுபோல, "ச்சே" என்றார்.

"படம்னு ஒண்ணுமே இல்ல" என்றேன் பஸ்ஸில். "அந்த ஆளு மட்டும்தான் இருக்கான். அவன்தான் மொத்தத்தையும் தூக்கி நிறுத்துறான்."

"கேமரா நல்லா இருந்துது" என்றான் அண்ணன். அவன் கல்யாண வீடியோ எடுப்பவன். அவனுக்கு உலகத்தில் எது நன்றாக இருந்தாலும் அதற்குக் காரணம் கேமராதான்.

இந்தப் பேச்சு எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனி கேன்டீனில் நிகழ்ச்சி நடக்கும். மெஷினையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, பாட்டு, டான்ஸ் என்று ஒரு மதியம் முழுக்கக் கொண்டாட்டம். போன வருஷம் அதில் நாங்களே எடுத்த ஒரு வாள்சண்டைப் படத்தைப் போட்டோம். கதை என்னுடையது. ஊர் ஏரியின் மதகைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு கொடுங்கோலன். அந்தச் சாவியைத் திருடி வருகிற ஒரு வீரன். கப்பல் வைக்க முடியாது, எங்களிடம் இருப்பது பாலாறு. வருஷத்தில் பாதி நாள் அது மணல். மணலிலேயே ஓடவிட்டோம்.

நடிகர் அண்ணனின் தோஸ்த். அப்பர் என்கிற மேல்தோலை அச்சில் ஏற்றி இழுக்கிற லாஸ்டிங் பிரிவில் வேலை. ஜிம்முக்குப் போகிறவர், பனியனோடு நின்றாலே போஸ்டர் மாதிரி இருப்பார். அவருக்காக, கழித்துப்போட்ட தோலைக் கேட்டு வாங்கி, முழங்கால் வரை வருகிற பூட்ஸ், இடுப்புக்கு வார், வாளுக்கு உறை எல்லாம் நானே வெட்டித் தைத்தேன். அந்த பூட்ஸைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமைதான். பெருமை அதிகமாகி, ஷாட்டுக்கு ஷாட் அதையே காட்டினேன். வீரன் வருகிறான், பூட்ஸ். வீரன் யோசிக்கிறான், பூட்ஸ்.

கேன்டீனில் என்ன நடந்தது என்று நீங்களே ஊகிக்கலாம். ஷூ செய்கிறவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து பூட்ஸைப் பார்த்தார்கள். "கணுக்கால் கிட்ட சுருக்கம் பாரு" என்றது ஒரு குரல். "அது அப்பர் லூசு" என்றது இன்னொன்று. எங்கள் செக்கர் முன்வரிசையில் இருந்தார். ஷூவில் குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவருடைய வேலை. க்ளைமாக்ஸில் வீரன் மதகுச் சுவரிலிருந்து தொங்கி, சாவா பிழைப்பா என்று ஊசலாடிக்கொண்டிருந்தபோது அவர் சத்தமாக, "எடது கால். ஹீலு பிரியுது" என்றார். மொத்தக் கேன்டீனும் ஒத்துக்கொண்டது. படம் முடிந்ததும் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அந்த பூட்ஸ் எந்த ஆர்டர் என்று கேட்டார்கள்.

நிகழ்ச்சியை நடத்துகிற கமிட்டிக்காரர்கள் நல்லவர்கள். "இந்த வருஷமும் இருவது நிமிஷம் தர்றோம்" என்றார்கள். "போன வருஷம் மாதிரியே இருந்துதுன்னா அதுக்கப்புறம் அந்த நேரத்துக்குப் பாட்டு வெச்சிக்கலாம். தப்பா எடுத்துக்காதம்மா." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்களுக்கு வேறு திரை கிடையாது. போனில் அனுப்பினால் ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இருட்டில், ஒன்றாக, எழுந்து போக முடியாமல் ஒரு கூட்டம் உட்காருவது அந்தக் கேன்டீனில் மட்டும்தான். அதை நான் இழக்கத் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிறு தனியாக வேலூர் போய் அதே படத்தை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை காலை மட்டுமே பார்ப்பது என்று தீர்மானம். பாதிப் படம் வரை தோற்றேன். பிறகு வலுக்கட்டாயமாகக் கண்ணைக் கீழே இறக்கினேன். சாதாரணப் பழுப்பு பூட்ஸ். கணுக்காலில் சுருக்கம் இருந்தது. எங்களுடையதைவிட மோசம். நிம்மதியாகக் கண்ணை மேலே ஏற்றி, இவன் என்னதான் செய்கிறான் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்தது, அவன் எதையும் உடனே செய்வதில்லை. மற்றவர்கள் வாளை உருவு என்றதும் உருவுகிறார்கள். அவன் அதற்கு முன்னால் எதையாவது கவனிக்கிறான். எதிரியின் மீசையை, கூரையில் தொங்கும் விளக்கை, தன் தொப்பியை. அந்த ஒரு நொடியில் அவன் என்ன நினைக்கிறான் என்று நாமும் நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். அப்புறம் அவனை விட்டு வெளியே வர முடியாது.

அடுத்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்த வில்லன் சுமாரான நடிகர். ஆனால் அவர் பேசும்போது இவன் கேட்கிறான். நிஜமாகவே கேட்கிறான். தொண்டைக்குழி அசைவது தெரிகிறது. இவன் பயப்படுவதால்தான் நமக்கு அந்த வில்லன் மேல் பயம் வருகிறது. ஆக, வில்லனுக்கும் சேர்த்து இவன்தான் நடிக்கிறான்.

குதிப்பதற்கு முன் அவனுக்குப் பயம் வருகிறது, கண் சிமிட்டும் நேரம். பிறகு அந்தப் பயமே அவனுக்குப் பிடித்துப்போய் ஒரு சிரிப்பு வருகிறது. ஒரு இடத்தில் மேசைமேல் தாவி, கால் வழுக்கி, பின்புறம் தரையில் பட விழுகிறான். எழுந்து மேசைக்கு ஒரு வணக்கம் வைக்கிறான். தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் அவனுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வீரம் கம்மி, குஷி ஜாஸ்தி. நான் கண்டுபிடித்த வரைக்கும் அதுதான் விஷயம். அவன் கெட்டிக்காரன் என்று காட்டுவதற்காக எதையும் செய்யவில்லை. அதெல்லாம் அவனுக்குப் பிடித்திருக்கிறது, நாமும் கூட வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறான். அவ்வளவுதான்.

எங்கள் தோஸ்த் அப்படி இல்லை. அவர் கண்ணாடி முன்னால் நடிப்பதுபோல் நடித்தார். ஜெயிக்கப்போகிறார் என்று முதல் ஷாட்டிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் எங்கள் ஆட்கள் பாவம் எதைப் பார்ப்பார்கள், பூட்ஸைத்தான்.

எனக்கு வேண்டிய ஆளைத் தேடி நான் எங்கும் போகவில்லை. தினமும் என்னோடு கம்பெனி பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தாள். தையல் லைனில் வேலை பார்க்கிற அக்கா. இரண்டு பிள்ளைகளின் தாய், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். சாயங்காலம் பஸ் கிளம்பியதும் என்ஜின் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, டிவியில் பார்த்த படத்தைக் கதையாகச் சொல்வாள். நானும் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். ஆனால் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராஜா வேஷத்தில் அரண்மனைக்குள் புகுந்துவிட்ட ஒரு திருடனின் கதை. "கதவு தானா தெறந்துது" என்றாள் அக்கா. டிபன் பையைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கினாள். பை அவளுடைய கையில் ஒரு விளக்கு மாதிரி ஆகிவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "உள்ள ஒரு ஆளு உக்காந்திருக்கான்." நிறுத்திவிட்டாள்.

"யாருக்கா?" என்றார் டிரைவர்.

"நீ ரோட்டப் பாருண்ணே. உள்ள யாரு இருந்தா உனுக்கு இன்னா?"

பஸ் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளே இருக்கும் ஆளைப் பற்றிய கவலை. பிறகு அந்தக் கவலை அவளுக்கே பிடித்துப்போய், உதட்டு ஓரம் லேசாக ஏறியது. வேலூர் தியேட்டரில் பார்த்த அதே உதடு. கதை முடிந்தபோது நான் இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டிருந்தது. நான் மட்டும் இல்லை, அங்கே இறங்குகிற ஒருத்தியும் இறங்கவில்லை. நிறுத்தவேண்டிய டிரைவரும் நிறுத்தவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, இந்த வருஷமும் படம் எடுக்குறேன். நீங்கதான் ஹீரோ."

"ஹீரோவுக்கு அம்மாவா?"

"ஹீரோ."

ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினாள். "போன வருஷம் எடுத்தியே, அது மாதிரியா?"

"அதே கதைதான்."

"அதுல பூட்ஸு நல்லா நடிச்சிருந்துது" என்றாள்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "தோ பாரு டிசைனு பாப்பா. நான் சிரிக்க வெச்சு அவங்க சிரிச்சா எனக்கு சந்தோஷம். நான் வாளத் தூக்கினு நிக்க, அவங்களா சிரிச்சாங்கன்னு வெய்யி, பேஜாராயிடும். தெனம் இவளுங்களோடதான் நான் பஸ்ல போவணும். அத மட்டும் பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது பணயத்தில் இருப்பது என் இருபது நிமிஷம் மட்டும் இல்லை, அக்காவின் மானமும்தான்.

இந்தத் தடவை அவர் வீரன் இல்லை, கொடுங்கோலன் என்று தோஸ்திடம் அண்ணன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் வருத்தப்படவில்லை. "கொடுங்கோலன்னா டயலாக்கு ஜாஸ்தியா?" என்று கேட்டார். ஜாஸ்தி என்றதும் சந்தோஷமாகிவிட்டார்.

அக்காவின் அளவுக்குப் புது பூட்ஸ் தைத்தேன். கணுக்காலில் சுருக்கம் விழாமல், ஹீல் பிரியாமல். கேட்பவர்கள் சிரிக்கலாம்: பார்க்கிறவர்களின் கண்ணைக் காலுக்குப் போகவிடாத முகம் கிடைத்த பிறகும் எதற்கு அவ்வளவு மெனக்கெடல் என்று. என்னால் முடியாது. கை அப்படிப் பழகிவிட்டது.

அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது. சாம்பிள் ரூமில் ஒரு விதி உண்டு. மாதிரி ஷூவைப் போட்டு நடக்கக் கூடாது. மடிப்பு விழுந்தால் அது மாதிரி இல்லை, பழைய ஷூ. போட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், கழற்றிய உடனே காகிதத்தைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வைத்துவிட வேண்டும். இதை நான் யோசித்துச் செய்வதில்லை. சாப்பிட்டால் கை கழுவுவதுபோல.

மதகுப் படிக்கட்டில்தான் பெரிய சண்டை. ஞாயிறு சாயங்காலம், முதலில் அக்கா பூட்ஸோடு படியேறுவதை நெருக்கத்தில் எடுத்தோம். முடிந்ததும் அவள் உட்கார்ந்து கழற்ற, நான் வாங்கிக் காகிதம் அடைத்துப் புங்க மரத்தடியில் வைத்தேன். அக்கா தன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள். அப்போது மேகம் விலகி, ஏரிப் பக்கமிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் படிகள்மேல் விழுந்தது. "இப்பவே எடுத்துடலாம், வாங்க வாங்க" என்று அண்ணன் பறந்தான். எல்லோரும் ஓடிப்போய் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

தோஸ்த் மேல்படியில் சாவியை ஆட்டிக் காட்டினார். அக்கா கீழ்ப்படியில் நின்று, வாளை உருவாமல், அண்ணாந்து அவரைப் பார்த்தாள். உருவவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவள் நான் எழுதாத ஒன்றைச் சொன்னாள்:

"நீயே குடுத்துட்டின்னா சீக்கிரமா வீட்டுக்குப் போய் சோறாக்குவேன்."

தோஸ்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போஸ்டர் சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. அவர் சிரித்ததும் அக்கா வாளை உருவினாள். அப்போது அவள் கண்ணில் அந்தப் பயம் வந்ததைப் பார்த்தேன், பிறகு அந்தப் பயம் அவளுக்குப் பிடித்துப்போனதையும். படிப்படியாக ஏறினாள், இறங்கினாள், ஒரு தடவை தடுமாறி மதகுத் தூணைக் கட்டிக்கொண்டு, "நீ நல்லா இருக்கியா?" என்று தூணிடம் விசாரித்துவிட்டுத் திரும்பினாள். அதுவும் நான் எழுதியதில்லை. தோஸ்தும் வேறு ஆளாகிவிட்டார். எதிரே ஒருத்தி அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

விஷயம் தெரிந்தது பத்து நாள் கழித்து, அண்ணன் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது. சண்டையை முழுக்கச் சேர்த்து முடித்து, மேளச் சத்தமும் வைத்துவிட்டான். கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவன் திடீரென்று நிறுத்தினான்.

"ஏய். கால்."

அக்காவின் காலில் ரப்பர் செருப்பு. நீல வார். வாள் ஒரு பக்கம், இடுப்பில் தோல் வார் ஒரு பக்கம், நடுப்படியில் கம்பீரமாகக் குளியலறைச் செருப்பு. முன்னால் ஓட்டினோம், பின்னால் ஓட்டினோம். சண்டை முழுக்க அதேதான்.

"நீதான கேமரா புடிச்சே" என்றேன்.

"நீதான பக்கத்துல நின்னே."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஷூ கம்பெனி. ஆயுத பூஜை. ஹீரோ காலுல ரப்பர் செருப்பு. போன வருஷம் ஹீலையே விடல அந்த செக்கரு."

மறுபடி எடுக்க முடியாது. அந்த வாரம் நல்ல மழை, மதகுப் படிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. ஊரே சந்தோஷமாக இருந்தது, நாங்கள் இருவரும் தவிர. முகம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிப் பார்த்தோம். சண்டை செத்துப்போனது. அக்கா முகத்தால் மட்டும் நடிக்கிறவள் இல்லை; அவளுடைய தயக்கம் தோளில் இருக்கிறது, குறும்பு இடுப்பில் இருக்கிறது. காலை வெட்டினால் அவளையே வெட்டவேண்டும்.

முடிவு எடுக்கவேண்டியவள் அக்காதான். நாளைக்கு பஸ்ஸில் போகப்போவது அவள்தானே. சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, போனில் சண்டையைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்தாள். "நல்லாத்தான இருக்குது" என்றாள். "மூஞ்ச ஏன் அப்டி வெச்சினு இருக்கே?"

"செருப்புக்கா."

"எந்த செருப்பு?"

மறுபடி போட்டுக் காட்டி, விரலால் தொட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இவளுங்க பாத்துட்டா அவ்ளோதான். நான் ரிடையர் ஆவுற வரைக்கும் சொல்லுவாளுங்க."

"வெட்டிடட்டுமா? வெட்டுனா சண்ட நல்லா இருக்காது. ஆனா நீங்க சொன்னா வெட்டிடுறேன்."

போனை வாங்கி இன்னொரு தடவை ஓட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "மொதல் தடவ என் காலையே நான் பாக்கல" என்றாள். "விட்டுடு. அவங்க கண்ணு கீழப் போச்சுன்னா, நான் மேல சரியா செய்யலன்னு அர்த்தம். செருப்பு இன்னா பண்ணும்?"

ஆயுத பூஜை அன்று கேன்டீன் ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கினோம். அக்கா தையல் லைன் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை. ஓரமாகச் சுவரில் சாய்ந்து, முன்வரிசையில் இருந்த செக்கரின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீழே இறங்கினால் கதை முடிந்தது.

ஆரம்பத்தில் பொரி கொறிக்கிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. பூட்ஸ் படியேறுகிற ஷாட் வந்தபோது செக்கரின் தாடை இறங்கியது. "ம்" என்றார். அடுத்தது சண்டை. கீழ்ப்படியில் அக்கா, மேல்படியில் சாவி. முழு உருவம், திரை முழுக்க, நீல வாரோடு.

அவள் வாளை உருவாமல் நின்றாள். கேன்டீனும் அவளோடு நின்றது. "சோறாக்குவேன்" என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய சிரிப்பு கூரைத் தகரம் வரை போனது. அவள் சிரிக்க வைத்த சிரிப்பு. தூணை நலம் விசாரித்தபோது லாஸ்டிங் பிரிவு ஆட்கள் பெஞ்சைத் தட்டினார்கள். பிறகு தோஸ்த் அவளை ஓரத்துக்குத் தள்ளி, கீழே ஏரி தெரிய, வாளை ஓங்கினார். பொரிச் சத்தம் நின்றது. செக்கரின் தாடை மேலே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் எடுத்த பொரி கையிலேயே இருந்தது.

சாவி கைமாறியது. மதகு திறந்தது. தண்ணீர் வருகிற ஷாட்டுக்கு அந்த வாரத்து மழையையே எடுத்து வைத்திருந்தோம். கைதட்டல் நிற்பதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் அரை மணி நேரமா எடும்மா" என்றுவிட்டுப் போனார்.

எனக்கு அது போதவில்லை. செக்கரைப் பிடித்தேன்.

"அண்ணே, பூட்ஸ் எப்டி இருந்துது?"

"பூட்ஸா?" யோசித்தார். கேட்டுவிட்டார்களே, பதில் சொல்லவேண்டும் என்ற கடமை முகத்தில் தெரிந்தது. "நல்லா இருந்துதும்மா. போன வருஷத்துக்கு எவ்வளவோ மேல. சண்டைலதான் பாத்தேன், அவ்ளோ ஓடியும் அப்பர் கொஞ்சமும் நகரல. ஃபிட்டிங் சூப்பரு."

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய முதுகு குலுங்கியது.

உண்மை வெளியே வராமல் இருக்கவில்லை. படத்தை எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தோம். இரண்டாம் நாள், பேக்கிங்கில் இருக்கிற ஒரு பெண், நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பார்க்கும்போது கண்டுபிடித்துவிட்டாள். சாயங்கால பஸ்ஸில் ஒரே கூச்சல். "அக்கா, வாளுக்கு மேட்ச்சா நீலக் கலரா?" "அக்கா, அந்த ஆர்டர் எங்க போவுது, ஜெர்மனிக்கா?" நான் பயந்துபோய் அக்காவைப் பார்த்தேன். அவள் என்ஜின் பக்கத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் முன்னால் நீட்டிக் காட்டினாள். அதே செருப்பு.

"அன்னிக்குப் பாக்கலியேடி. இன்னிக்குதான பாக்குறீங்க" என்றாள். செக்கருக்குத்தான் பேஜார் ஆகிவிட்டது. இப்போது அவர் நடந்து வந்தாலே எங்காவது ஒரு மூலையிலிருந்து "ஃபிட்டிங் சூப்பரு" என்று குரல் வருகிறது. அவரும் சிரித்துக்கொண்டே ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்துத் தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டார்.

அண்ணன் இன்னும் கேமரா கட்சிதான். வெளிச்சம் அப்படி விழாவிட்டால் எல்லோரும் செருப்பைப் பார்த்திருப்பார்கள் என்கிறான். இருக்கலாம். தோஸ்த் அன்று நிஜமாகச் சிரித்திராவிட்டாலும் இது நடந்திருக்காது என்று எனக்கே தோன்றுகிறது. தூக்கி நிறுத்துகிறவளுக்கும் கீழே ஒரு படி வேண்டும். ஆனால் எவ்வளவு சின்னப் படி போதும் என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அரை மணி நேரப் படத்துக்கு இந்தத் தடவை கடல் வேண்டும், கப்பல் வேண்டும். ஏலகிரி ஏரியில் படகு விடுகிறார்கள். போய் விசாரித்தோம். துடுப்புப் படகு கிடைக்காதாம். காலால் மிதிக்கிற படகு ஒன்றைக் காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் தருகிறார்களாம். வெள்ளை நிறம். முன்னால் பெரிதாக ஒரு அன்னப்பறவைத் தலை, சிவப்பு அலகு, கண்ணுக்கு மை.

"இதுல கடல் கொள்ளக்காரியா?" என்றான் அண்ணன். "அந்தத் தலைய எப்டி மறைக்கிறது?"

அக்கா படகை ஒரு சுற்றுப் பார்த்தாள். அன்னத்தின் கழுத்தில் கை வைத்து, ஏறி நின்று, நெற்றிமேல் கையை வைத்துத் தூரத்தில் பார்த்தாள். அங்கே புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு மட்டும்தான் இருந்தது. எனக்கு அது எதிரிக் கப்பலாகத் தெரிய ஆரம்பித்தது.

"மறைக்காத" என்றேன். வருகிற ஞாயிறு எடுக்கிறோம்.